எட்டாவது எந்த ரூம்?

டி.சி.யில் ‘அங்க அடையாளங்கள்’ என்று ஓர் இடம் உண்டு. என்னுடையதில் வலது புறங்கையில் ஒரு மச்சம், இடது தாடையில் ஒரு மச்சம் என்று இருக்கிறது. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்குப் பெயர்ப்பட்டியல் தயார் செய்தபோது, எங்கள் வகுப்பு டீச்சர் எல்லாரையும் வரிசையில் நிறுத்திக் கையை நீட்டச் சொல்லி, மச்சம் தேடித் தேடி எழுதினார். மச்சமே அகப்படாத ஒருத்தி அழுகிற நிலைக்குப் போய்விட்டாள். கடைசியில் புருவத்துக்கு மேலே ஓர் அம்மைத் தழும்பைக் கண்டுபிடித்துக் கொடுத்தோம்.

2025 மே மாதம் மூன்றாவது வாரம் அந்த டி.சி.யை வாங்கத்தான் கடைசியாக எல்லாரும் ஒன்றாகக் கூடினோம். பன்னிரண்டாவது ரிசல்ட் மே 8ஆம் தேதியே வந்துவிட்டது. மார்க்கைப் பற்றிப் பேச எதுவும் மிச்சமில்லை. ஆபீஸ் வாசல் வேப்பமரத்தடியில் நின்று ஒருத்தர் டி.சி.யை ஒருத்தர் பிடுங்கி அங்க அடையாளத்தைப் படித்துக்கொண்டிருந்தோம். ஏழு வருஷம் என் தோளோடு தோள் உரச உட்கார்ந்தவளுக்குக் காதுக்குப் பின்னால் ஒரு மச்சம் இருப்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

எங்கள் ஊர் பேராவூரணிப் பக்கம். அரசு மேல்நிலைப் பள்ளி. 2018 ஜூனில் ஆறாம் வகுப்பில் சேர்ந்தபோது 41 பேர். வருகைப் பதிவேட்டில் 1 முதல் 22 வரை பையன்கள், 23 முதல் 41 வரை பெண்கள். நான் 34. இந்தப் பதிவில் யார் பெயரையும் எழுதவில்லை. 41 பேரிடமும் கேட்டுவிட்டு எழுத முடியாது. நம்பரையே எழுதுகிறேன். பின்னால் நம்பர் மாறியது, ஆனால் ஆறாம் வகுப்பில் சார் கூப்பிட்ட நம்பர்தான் எங்களுக்குள் பெயராக நின்றுபோனது. என் போனில் இன்றைக்கும் அவள் ‘33’தான்.

சேர்ந்து ஐந்து மாதத்தில் கஜா புயல் வந்தது. நவம்பர் 16, விடிவதற்கு முன்னால். நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் கரையைக் கடந்தது என்று பிறகு படித்தோம். அன்றைக்கு எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் சத்தம்தான். எங்களுடையது ஓட்டு வீடு. அப்பா கதவுக்கு உரலை முட்டுக்கொடுத்து அதன்மேல் உட்கார்ந்திருந்தார். வடக்கேயிருந்து அடித்த காற்று திசை மாறி அடிக்க ஆரம்பித்ததும் ஓடு ஒவ்வொன்றாகக் கிளம்பியது. விடிந்து வெளியே வந்தால் வானம் ரொம்பப் பெரிதாக இருந்தது. எங்கள் தெருவிலிருந்து பெரிய குளத்துக் கரை தெரிந்தது. அதற்கு முன்னால் தெரிந்ததே இல்லை. நடுவில் அவ்வளவு தென்னை.

கரண்ட் வர 26 நாள் ஆனது. அதற்கு முன்பே பள்ளிக்கூடம் திறந்துவிட்டார்கள். மைதானத்துத் தூங்குமூஞ்சி மரம் வேரோடு சாய்ந்து, கொடிக்கம்பத்தை அணைத்துக்கொண்டு கிடந்தது. நோட்டெல்லாம் ஊறி ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தது. பாடம் பெரிதாக எதுவும் நடக்கவில்லை. அந்த நாட்களில்தான் நாங்கள் ஒரு வகுப்பாக ஆனோம் என்று நினைக்கிறேன். அதுவரை பையன்கள் ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம், நாலு ஊர்ப் பிள்ளைகள் நாலு கூட்டம்.

காரணம் தென்னங்குருத்து. மரம் விழுந்தால்தான் குருத்து கிடைக்கும். ஒரு மரத்துக்கு ஒரே ஒரு குருத்து. அதனால் சாதாரண நாளில் யாரும் அதைத் தின்பதில்லை. அந்த வாரம் ஊர் முழுக்கக் குருத்து. 19 ஒரு தூக்குவாளி நிறைய வெட்டிக்கொண்டு வந்தான். வெள்ளை வெளேரென்று, விரலால் உரித்தால் ஏடு ஏடாக வரும். கடித்தால் நறுக்கென்றிருக்கும், பிறகு இளநீர் வழுக்கை மாதிரி இனிக்கும். டெஸ்க்கின் மேல் தூக்குவாளியைக் கவிழ்த்துவிட்டு, “இது எங்க வாசமரம். எங்க தாத்தா வச்சது” என்றான். நாங்கள் இன்னும் இருக்கா என்று கேட்டோம். இருக்கு, நாளைக்கும் கொண்டாரேன் என்றான். அவர்கள் தோப்பில் 140 மரம் இருந்தது. நின்றது 11.

மறுநாளோ அதற்கடுத்த நாளோ, விழுந்து கிடந்த தூங்குமூஞ்சிமேல் ஏறி நடந்த 19 வழுக்கி விழுந்து முழங்காலைக் கிழித்துக்கொண்டான். கணக்கு சார் தன் கைக்குட்டையால் கட்டி டி.வி.எஸ்.50ல் வைத்துக் கூட்டிப்போனார். நாலு தையல். தழும்பு பிறைநிலா மாதிரி விழுந்தது.

அரசாங்கம் மரத்துக்கு 600 ரூபாயும், அதை வெட்டி அப்புறப்படுத்த 500 ரூபாயும் கொடுத்தது. 19 வீட்டிலும் வாங்கினார்கள், புதுக் கன்று வைத்தார்கள். நெட்டை ரகம் காய்ப்புக்கு வர ஆறேழு வருஷம் ஆகும். “நான் பன்னெண்டாவது முடிக்கிறப்ப காய்ச்சிரும்னு எங்கப்பா சொல்றாரு” என்று வகுப்பில் சொன்னான். அதுவரை சாப்பாட்டுக்கு என்ன வழி என்பதை யாரும் சொல்லவில்லை. அவன் அப்பா அடுத்த சித்திரையிலேயே திருப்பூர் போய்விட்டார்.

ஏழாம் வகுப்பைப் பற்றி எழுத அதிகம் இல்லை. நல்ல வருஷம், அமைதியாகப் போனது. 2020 மார்ச் 16 திங்கட்கிழமை சாயங்காலம் லாங் பெல் அடித்தது. நாளையிலிருந்து லீவு, 31ஆம் தேதி வரைக்கும் என்றார்கள். கைதட்டினோம். நான் டெஸ்க்குக்குள் ஒரு ஜியாமெட்ரி பாக்ஸை வைத்துவிட்டு வந்தேன், வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று.

எட்டாம் வகுப்பு எங்களுக்கு இல்லை. தேர்வில்லாமல் ஏழிலிருந்து எட்டுக்குப் போனோம், தேர்வில்லாமல் எட்டிலிருந்து ஒன்பதுக்குப் போனோம். 2021 ஜனவரியில் பத்தும் பன்னிரண்டும் திறந்தார்கள், பிப்ரவரியில் ஒன்பதும் பதினொன்றும் திறந்தார்கள். எட்டாம் வகுப்பு அந்தக் கல்வியாண்டு முழுக்கத் திறக்கவே இல்லை. கல்வித் தொலைக்காட்சியில் எங்கள் வகுப்புக்கு ஒரு நேரம் உண்டு. எங்கள் வீட்டில் டி.வி. கஜாவோடு போனது போனதுதான். பக்கத்து வீட்டுத் திண்ணையில் ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். அங்கே தாத்தா செய்தி கேட்கிற நேரமும் எங்கள் கணக்கு நேரமும் ஒன்று. போன் அப்பாவிடம்; அவர் வேலை முடிந்து வந்தபிறகுதான் வாட்ஸ்அப்பில் சார் அனுப்பிய படங்களைப் பார்க்க முடியும். 41 பேரில் அந்தக் குரூப்பில் இருந்தது 23 பேர். மற்ற 18 பேருக்கும் அந்த ஒரு வருஷம் என்ன ஆனது என்று எனக்கு முழுதாக இன்றும் தெரியாது.

சத்துணவுக்குப் பதிலாக அரிசியும் பருப்பும் கொடுத்த அன்று 19ஐக் கடைசியாகப் பார்த்தேன். வட்டம் போட்ட இடத்தில் நின்றுகொண்டிருந்தான். கைலியை மடித்துக் கட்டியிருந்தான், பெரிய ஆள் மாதிரி. மாவட்டம் விட்டு மாவட்டம் பஸ் ஓட ஆரம்பித்தது அந்த வருஷம் செப்டம்பர் 7ஆம் தேதி. அடுத்த வாரமே அவனும் அவன் அம்மாவும் தங்கச்சியும் திருப்பூர் போய்விட்டார்கள்.

அது எனக்கு ஒரு வருஷம் கழித்துத்தான் தெரியும். அதற்கும் ஒரு காரணம் உண்டு. 2021 செப்டம்பர் 1ஆம் தேதி ஒன்பதாம் வகுப்பில் உட்கார்ந்தோம். ஒரு அறையில் 20 பேருக்கு மேல் கூடாது. அதனால் எங்கள் பள்ளியில் ஒற்றைப்படை நம்பருக்கு ஒரு நாள், இரட்டைப்படைக்கு மறுநாள் என்று பிரித்தார்கள். நான் இரட்டை, 33 ஒற்றை. ஒன்றரை வருஷம் பார்க்காமல் இருந்துவிட்டுப் பள்ளி திறந்தும் எங்களால் பார்த்துக்கொள்ள முடியவில்லை. டெஸ்க்கில் பென்சிலால் எழுதி வைப்போம். “எப்படி இருக்க?” என்று நான் எழுதினால் மறுநாள் அவள் கீழே பதில் எழுதியிருப்பாள். 19ம் ஒற்றைப்படை. அவன் அந்த நாட்களில் வருகிறான் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்த பிறகு ஒருநாள் சார் நம்பர் கூப்பிட்டுக்கொண்டே வந்தார், பதினெட்டிலிருந்து இருபதுக்குத் தாவினார். யாரும் எதுவும் கேட்கவில்லை.

அப்போது பையன்களுக்கெல்லாம் குரல் உடைந்திருந்தது. மாஸ்க் வேறு. யார் பேசுகிறார்கள் என்று கண்ணை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். கணக்கு சார் முதல் வாரம் ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. வகுத்தலில் ஆரம்பித்தார். பதினான்கு வயதில் கரும்பலகையில் நின்று வகுத்தல் போட வராமல் 7 அழுதான். சார் சாக்பீஸை அவன் கையோடு சேர்த்துப் பிடித்துப் போட்டுக் காட்டினார். எங்களை அங்கிருந்து பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு வரை கொண்டுவந்து நிறுத்திய ஆசிரியர்களுக்கு நாங்கள் எதுவுமே செய்யவில்லை. பிரிவு உபசார விழாவில் தலைக்கு 50 ரூபாய் போட்டுக் குழாய் வைத்த ஒரு எவர்சில்வர் தண்ணீர் டிரம் வாங்கிக் கொடுத்தோம், அவ்வளவுதான்.

பதினொன்றாம் வகுப்பில் குரூப் பிரிந்தது. நானும் 33ம் வணிகவியல். சைக்கிள் வந்தது. நூறு சைக்கிளும் ஒரே மாதிரி இருக்கும் என்பதால் நான் ஹேண்டில்பாரின் அடியில் சிவப்பு நெயில்பாலிஷில் மூன்று புள்ளி வைத்தேன். அது இன்றும் அழியவில்லை. இன்னொன்று, வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாதது: சத்துணவு பத்தாம் வகுப்போடு நின்றுவிடும். பத்து வருஷம் தட்டை எடுத்துக்கொண்டு போனவர்களுக்குப் பதினொன்றாம் வகுப்பு முதல் நாள் மத்தியானம் என்ன செய்வதென்று தெரியாது. எங்கள் வகுப்பில் அப்படி ஆறு பேர். யாரும் ஏற்பாடு செய்யவில்லை, ஆனால் ரெண்டாவது வாரத்திலிருந்து எல்லார் டப்பாவிலும் ரெண்டு கை சாதம் கூடுதலாக இருந்தது. என் அம்மா கேட்காமலே அழுத்தி வைத்து அனுப்பினார்.

27 பற்றியும் எழுத வேண்டும். பதினொன்றாம் வகுப்புத் தேர்வு முடிந்த லீவில் அவளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. பதினேழு வயது. பத்திரிகை அடிக்கவில்லை. ஆனால் எங்களில் மூன்று பேருக்கு முன்னாடியே தெரியும். 1098 என்ற குழந்தைகள் உதவி எண் எங்கள் வகுப்பறைச் சுவரிலேயே எழுதியிருந்தது. இரண்டு வருஷம் தினமும் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நாங்கள் அடிக்கவில்லை. அவள் அக்கவுண்டன்சியில் என்னைவிட வேகம். ஐந்தொகை கடைசி வரியில் இரண்டு பக்கமும் சரியாக வந்ததும் பேனாவைத் தட்டி ஒரு சத்தம் கொடுப்பாள். பன்னிரண்டாம் வகுப்பு முழுக்க அந்தச் சத்தம் இல்லாமல் கணக்குப் போட்டோம்.

ஆக, 41 பேரில் எங்கள் பள்ளியிலேயே பன்னிரண்டாவது எழுதியவர்கள் 28. மற்றவர்கள் ஐ.டி.ஐ., பாலிடெக்னிக், வேறு பள்ளி, கல்யாணம், வேலை. மார்ச் 3 தமிழில் ஆரம்பித்து 25ஆம் தேதி வரை பரீட்சை.

டி.சி. வாங்கிய அன்றைக்கு வருகிறேன். பதினொரு மணி இருக்கும். ஒரு வண்டி உள்ளே வந்தது. இறங்கியவனுக்கு மீசை. ஊரில் அம்மன் கோவிலுக்குக் காப்புக் கட்டியிருந்ததால் வெளியூரில் இருப்பவர்கள் எல்லாம் வந்திருந்தார்கள். எங்களைப் பார்த்து நின்றான். 33தான் முதலில் கண்டுபிடித்தாள். முகத்தைப் பார்த்து இல்லை. டவுசர் போட்டிருந்தான், முழங்காலைப் பார்த்து.

“ஏய், பத்தொம்போது!”

“என்னா, எல்லாரும் இப்புடி வளந்துட்டீங்க” என்றான்.

அவனும் டி.சி. வாங்கத்தான் வந்திருந்தான். போகும்போது வாங்காமலே போய்விட்டார்கள். இப்போது ஓவர்லாக் டெய்லர். முதலில் அம்மாவோடு வீட்டில் உட்கார்ந்து பிசிறு வெட்டினானாம், பிறகு கைமடி, அதாவது டெய்லருக்கு உதவியாள், பிறகு மெஷின். ஒன்றரை ஷிப்ட். சனிக்கிழமை சம்பளம். பத்தாவது தனித்தேர்வராக எழுத வேண்டும் என்றான். தங்கச்சி இப்போது பத்தாவது போகிறாள், அவள்தான் “நீயும் எழுதுண்ணா” என்று பிடுங்கி எடுக்கிறாளாம்.

ஆபீஸில் அக்கா கம்ப்யூட்டரில் தேடினார். “எமிஸ்ல காமன் பூல்ல இருக்கியேப்பா” என்றார். எமிஸ் என்பது மாணவர் விவரங்களை வைத்திருக்கும் அரசுத் தளம். எந்தப் பள்ளியிலும் இல்லாத பிள்ளைகளின் பெயரை அதில் காமன் பூலில்தான் போட்டு வைப்பார்கள். நாலு வருஷமாக அவன் அங்கே இருந்திருக்கிறான். பிறகு பீரோவிலிருந்து பழைய சேர்க்கைப் பதிவேட்டை எடுத்து, தூசி தட்டி, எழுத ஆரம்பித்தார். நாங்கள் எட்டுப் பேர் ஜன்னலில் தொங்கிக்கொண்டிருந்தோம். யாரும் எங்களைப் போகச் சொல்லவில்லை.

டி.சி. வந்ததும் பிடுங்கினோம். அங்க அடையாளம்: இடது கையில் மச்சம், கழுத்தில் மச்சம். ஆறாம் வகுப்பில் சேரும்போது எழுதியது. முழங்கால் தழும்பு அதில் இல்லை. அவனுக்குப் பத்தாம் வகுப்பில் யாரும் மறுபடி அடையாளம் பார்க்கவில்லையே.

அவன் வேறு ஒரு வரியில் நின்றுவிட்டான். “நான் எட்டாவது பாஸா?”

“பாஸ்தான். எல்லாரும் பாஸ்.”

“நான்தான் வரவே இல்லையே.”

அந்த வரி இல்லாவிட்டால் அவன் நேராகப் பத்தாவது எழுத முடியாது, எட்டாவதையே முதலில் தனியாக எழுத வேண்டும். எனக்கும் அதே கதைதான். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலோ, அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழியிலோ படித்திருந்தால்தான் கல்லூரியில் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். என் டி.சி.யில் 2020–21, எட்டாம் வகுப்பு என்று ஒரு வரி மற்ற வரிகளைப் போலவே தெளிவாக இருக்கிறது. இதையெல்லாம் நான் அவனுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். அவன் கேட்டுக்கொண்டிருந்த மாதிரி தெரியவில்லை.

“எட்டாவது எந்த ரூம்ல இருந்தீங்க?” என்றான்.

நாங்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம்.

“இல்ல, மெஷின்ல உக்காந்திருக்கப்ப நெனச்சுக்குவேன். இந்நேரம் அவங்களுக்குக் கணக்கு பீரியடு, இந்நேரம் பி.டி.ன்னு. எந்த ரூமுன்னு தெரியாததால ஏழாவது ரூமையே நெனச்சுக்குவேன்.”

33 சொன்னாள்: “ஒரு பீரியடும் நடக்கலடா. அந்த வருசம் எங்கள உள்ளயே விடல.”

“நெசமாவா?”

“சத்தியமா. ஒம்போதாவதுலதான் வந்தோம்.”

அவன் கொஞ்ச நேரம் டி.சி.யைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அதை நாலாக மடிக்கப் போனான்; மடிக்காதே என்று எல்லாரும் ஒரே நேரத்தில் கத்தினோம். 7 ஓடிப்போய்க் கடையில் ஒரு பிளாஸ்டிக் கவர் வாங்கி வந்தான்.

எட்டாம் வகுப்பு அறையைப் போய்ப் பார்த்தோம். லீவு என்பதால் பூட்டியிருந்தது. ஜன்னல் கம்பி வழியாக ஒருத்தர் பின் ஒருத்தராக எட்டிப் பார்த்தோம். பெஞ்சைச் சுவரோரம் அடுக்கியிருந்தார்கள். எங்களில் யாரும் அந்த அறையில் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை.

தோப்பு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். பாளை விட்டிருக்கிறது என்றான். போன மாதம்தான்.

மறுநாள் காலை என் பத்தாம் வகுப்புப் புத்தகங்களைக் கட்டி எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்குப் போனேன். முதல் தடவை எழுதும் தனித்தேர்வர்கள் அறிவியல் செய்முறை வகுப்புக்கும் பதிவு செய்து போக வேண்டும், அதை விட்டுவிடாதே, அதில்தான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள் என்று சொன்னேன். கம்பெனியில் பெர்மிஷன் கேட்டுப் பார்க்கிறேன் என்றான். சமூக அறிவியல் புத்தகத்தில் எது முக்கியம் என்று கேட்டான். மேப் என்றேன், மேப்பை விட்டுவிடாதே.

அறிவியல் புத்தகத்தைத் திறந்து முதல் பக்கத்து லேபிளைப் பார்த்தான். என் பெயர், வகுப்பு 10, பள்ளியின் பெயர். என்னிடம் பேனா கேட்டான். என் பெயரை அடிக்கவில்லை. பக்கத்தில் சின்னதாக 19 என்று எழுதிக்கொண்டான். பட்டுக்கோட்டை பஸ் வந்தது.